மேச்சேரி ஆடும் நாகர்கோவில் ரேந்தையும்

சேலம் மாவட்டத்து மேச்சேரியின் பெயரைத் தாங்கிய செம்மறியாடு இறைச்சிக்கும் தோலுக்கும் பேர்போனது. அதன் உடலில் இருப்பது குட்டை மயிரே, கத்தரித்து நூற்கும் கம்பளி அன்று. வெயில் காயும் இச்சமவெளியில் கம்பளி பின்னும் வழக்கம் வேரூன்றாததில் வியப்பில்லை. நம் வீட்டுப் பெண்கள் உற்றாருக்கும் தோழியருக்கும் பின்னிக் கொடுத்தவை பருத்தி நூல் விரிப்புகளும் ஒயர்க் கூடைகளுமே.

இவற்றை ஓய்வுநேரக் கைவேலை என்றே நாம் எண்ணிவிடுகிறோம். தென்கோடியின் வரலாறோ வேறொன்றைச் சொல்கிறது. 1820களில், திருவிதாங்கூர் ஆட்சிக்குட்பட்ட நாகர்கோவிலில், இலண்டன் மிஷனைச் சார்ந்த மார்த்தா மால்ட் தம் பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் எனும் ரேந்தைப் பின்னலைக் கற்பித்தார். திண்டின்மேல் குண்டூசிகளை நட்டு, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது அம்முறை. பயின்றோருள் அடிமைக் குடும்பத்துச் சிறுமியரும் இருந்தனர். பின்னி ஈட்டிய காசைச் சேர்த்துச் சிலர் தம் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினர். அங்கு அடிமைமுறை அரசாணையால் ஒழிந்தது 1855இல்தான்.

மால்ட்டின் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து, இக்கலையை இடையன்குடிக்குக் கொண்டுசென்றார். 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தை நாம் வகுப்புதோறும் போற்றுகிறோம். அதே இல்லத்தில் வளர்ந்த இந்நூல்வேலையைப் பேசுவதில்லை.

அன்பளிப்பாக வரும் பின்னலுக்கு விலை கேட்பது பண்பன்று. ஆயினும், அதே விரல்வேலைக்குக் கூலி கிடைத்தபோது ஒருத்தி தனக்குத்தானே விடுதலையைப் பரிசளித்துக்கொள்ள முடிந்தது என்பதை நாம் மறத்தல் தகாது.