நேரடி நெல் கொள்முதல் நிலையம்

நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்பது, இடைத்தரகர் இன்றி விவசாயிகளிடமிருந்து குறைந்தபட்ச ஆதரவு விலையில் நெல் வாங்குவதற்காகத் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஊர்தோறும் நடத்தும் நிலையம் ஆகும். இக்கழகம் 1972 இல் தொடங்கப்பட்டது. 2002 முதல் நடுவண் அரசின் பரவலாக்கப்பட்ட கொள்முதல் திட்டத்தின் கீழ் நெல்லை வாங்கி, சேமித்து, அரைத்துப் பொது விநியோகத்துக்கு அளிக்கின்றது. காவிரிப் படுகை மாவட்டங்களில் இந்நிலையங்கள் மிகுதி. பல நிலையங்கள் அறுவடைக் காலத்தில் மட்டும் திறக்கப்படுபவை.

பின்னணி

முற்காலத்தில் நெல் வீட்டுக் குதிரிலும் பத்தாயத்திலும் இருந்தது. கோயில்களுக்கும் பெருநிலக்கிழார்களுக்கும் தனிக் களஞ்சியங்கள் இருந்தன. பாபநாசம் அருகே திருப்பாலைத்துறையில் உள்ள நாயக்கர் காலச் செங்கற் களஞ்சியம் இன்றும் காணக்கூடியது. கதிரை அரிந்து, போரிட்டு, களத்தில் அடித்துக் காயவைக்கப் பல வாரங்கள் ஆயின. ஆதலால் நெல் சிறிது சிறிதாகவே சந்தைக்கு வந்தது.

அறுவடை இயந்திரங்களின் வருகைக்குப் பின் இந்நிலை மாறியது. ஓர் ஊரின் வயல்கள் அனைத்தும் சில நாட்களில் அறுவடையாகி, ஈரம் உலராத நெல் ஒரே நேரத்தில் நிலையத்தின் முன் குவிகின்றது. சிறு விவசாயிகளிடம் குதிரும் இல்லை, உலர்களமும் இல்லை. குத்தகை, வட்டி, இயந்திர வாடகை ஆகியவற்றை உடனே செலுத்த வேண்டியிருப்பதால் அவர்களால் நெல்லை வைத்திருந்து விற்கவும் இயல்வதில்லை.

கொள்முதல் முறை

விவசாயி சிட்டா, அடங்கல் ஆகியவற்றைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். 2021–22 பருவத்தில் இணையவழிப் பதிவு அறிமுகமானது. நெல் தூற்றப்பட்டு, ஈரப்பதம் அளக்கப்பட்டு, 40 கிலோ கொண்ட சாக்குகளில் பிடிக்கப்படுகின்றது. இம்மூட்டை 'சிப்பம்' எனப்படும். பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் ஆகியோர் பணியாளர்கள். மூட்டை பிடித்து ஏற்றுவோர் சுமைதூக்கும் தொழிலாளர்கள்.

2025–26 பருவத்துக்கு நடுவண் அரசின் விலை குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகையுடன் இவை முறையே 2,500, 2,545 ரூபாயாயின.

சேமிப்பும் இயக்கமும்

வாங்கிய நெல்லை நிலையத்திலிருந்து வெளியே அனுப்புவது கழகத்தின் வழக்கில் 'இயக்கம்' எனப்படும். கொள்முதலின் வேகத்தை உண்மையில் தீர்மானிப்பது இதுவே.

ஒரு நிலையம் நாளொன்றுக்கு 1,000 சிப்பம், அதாவது 40 டன், வாங்குவதாகக் கொள்வோம். ஏக்கருக்கு 2 டன் விளைந்தால் இது 20 ஏக்கரின் நெல் மட்டுமே. இயந்திரம் ஒன்று ஓர் ஏக்கரை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அறுத்துவிடும். ஆகவே இரண்டு மூன்று இயந்திரங்கள் இறங்கினாலே நிலையம் பின்தங்கிவிடுகின்றது. லாரி வராத நாளில் அடுக்கிய சிப்பங்களே இடத்தை அடைத்துக்கொள்ள, சாக்கு இருந்தும் எடை போடுவது நின்றுவிடும்.

வெண்ணாற்றங்கரையில் உள்ள கூத்தாநல்லூர் வட்டாரத்தின் அமைவிடம் இதனை விளக்கும். நகரில் தொடர்வண்டி நிலையம் இல்லை; அருகிலுள்ள கொரடாச்சேரி தஞ்சாவூர்–திருவாரூர் பாதையில் உள்ளது. வயலோரச் சாலைகளில் பெரிய லாரி செல்வது கடினம். திருவாரூர் மாவட்ட நெல்லின் ஒரு பகுதி சுந்தரக்கோட்டை நவீன அரிசி ஆலை போன்றவற்றுக்கும், மூவாநல்லூர் போன்ற சேமிப்பு மையங்களுக்கும் செல்கின்றது. எஞ்சியது நீடாமங்கலம் முதலிய நிலையங்களிலிருந்து சரக்கு வண்டிகளில் பிற மாவட்ட அரவை ஆலைகளுக்கு அனுப்பப்படுகின்றது. ஒரு வண்டி ஏறத்தாழ 2,000 டன் ஏற்றும்; மேற்சொன்ன கணக்கில் அது 50 நிலையங்களின் ஒரு நாள் கொள்முதல்.

திறந்தவெளி மையங்களில் மூட்டைகள் தரையைத் தொடாதவாறு கட்டைகளின் மேல் அடுக்கப்பட்டுத் தார்ப்பாயால் மூடப்படுகின்றன. இது குறுகிய காலத்துக்கு உரிய முறை. மழைக்காலம் முழுவதும் நீடித்தால் அடிமூட்டைகள் முளைவிடும். அண்மைய ஆண்டுகளில் படுகை மாவட்டங்களில் மேற்கூரையுடன் கூடிய தளங்கள் கட்டப்பட்டுள்ளன.

ஈரப்பதம்

அனுமதிக்கப்பட்ட ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையுடன் மோதுவதால் இவ்வரம்பைத் தளர்த்துமாறு மாநில அரசு அடிக்கடி கோருகின்றது. 2023 பிப்ரவரியில் பருவந்தவறிய மழையில் சம்பா நெல் நனைந்தபோது வரம்பு 20 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2022 இல் கொள்முதல் பருவமே அக்டோபர் 1 க்கு மாறாக செப்டம்பர் 1 இல் தொடங்க அனுமதிக்கப்பட்டது. இது குறுவை விவசாயிகளுக்கு ஒரு மாதத்தை ஈட்டித் தந்தது.

தளர்வு அறிவிக்கப்படும் வரை நெல் சாலையோரத்தில் குவியலாகவே கிடக்கும். எடை போடும் வரை நேரும் சேதம் விவசாயியுடையது. எடை போட்ட பின் கழகத்தினுடையது. எனவே நிலையத்தின் முன் காத்திருக்கும் ஒவ்வொரு நாளின் இழப்பும் விவசாயியையே சாரும்.