முருங்கன் களிமண்ணும் வெடிக்கும் சுவர்களும்

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் வாழும் எம்மைப் போன்றவர்களிடம், நிலம் மாரியில் வீங்கிக் கோடையில் சுருங்கும் என்று சொன்னால் நம்புவது கடினம். கொழும்பின் மேட்டு நிலங்களுக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது சிங்களத்தில் கபொக் எனப்படும் செம்பூரான் கல்லும் அதனோடு சேர்ந்த செம்மண்ணுமே. மழை பெய்தாலும் வெயில் எரித்தாலும் அம்மண் பெரிதாக அசைவதில்லை. ஆகவே வீடு கட்டுவோர் எல்லைச் சுவரைப் பற்றி வழக்காடுவார்கள். ஒழுங்கையின் அகலத்தைப் பற்றி முறையிடுவார்கள். அத்திவாரத்தின் கீழுள்ள மண்ணைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

மன்னார் மாவட்டத்தின் முருங்கன் பகுதியில் நிலைமை வேறு. கட்டுக்கரைக் குளத்தின் நீரை நம்பி நெல் விளையும் அப்பிரதேசத்தின் கருமையான களிமண், மாரியில் காலை விடாது பற்றிக்கொள்ளும். சோழகக் காற்று வீசும் மாதங்களில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். செய்திப் பணிக்காக அவ்வழியே சென்ற வேளைகளில், கைவிரல்கள் முழுவதும் நுழையக்கூடிய வெடிப்புகளைக் கண்டிருக்கிறேன். சி. ஆர். பாணபொக்க போன்ற மண்ணியல் அறிஞர்கள் இலங்கையின் மண்வகைகளை வகுத்தபோது இதனைக் 'குருமுசோல்' என்ற பிரிவில் சேர்த்தனர். இன்றைய உலகளாவிய வகைப்பாட்டில் இதன் பெயர் 'வேர்ட்டிசோல்'. புரட்டுதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. மேல்மண் வெடிப்புக்குள் விழுவதும், மழையில் அடிமண் வீங்கி மேலெழுவதுமாக இந்நிலம் தன்னைத் தானே உழுதுகொள்கிறது.

தமிழகத்தில் கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலி வட்டாரங்களில் கரிசல் என்று அழைக்கப்படும் மண்ணும் இதே இனத்தைச் சேர்ந்ததே. பருத்தி விவசாயி இம்மண்ணின் குணத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தான். பொறியியல் உலகம் அதனை உணர்வதற்கு இருபதாம் நூற்றாண்டு பிறக்கவேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், ஓவைஹீ நீர்ப்பாசனத் திட்டத்தின் உருக்குக் குழாய் ஒன்றின் அத்திவாரத்தில் ஏற்பட்ட சிக்கலை ஆராய்ந்தபோது, குற்றவாளி வீங்கும் களிமண்ணே என்பதை அந்நாட்டு நீர்வளப் பணியகம் 1938இல் கண்டறிந்தது. நவீன ஆய்வு வரலாற்றின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடும் நிகழ்வு இது.

வீக்கத்திற்குக் காரணம் மொன்ட்மொரிலோனைற் என்னும் கனிமம். பிரான்சின் மொன்ட்மொரியோன் என்ற ஊரின் பெயரை 1847இல் பெற்ற இக்கனிமம், அடுக்கி வைத்த தாள்களைப் போன்ற நுண்ணிய படலங்களால் ஆனது. படலங்களுக்கு இடையே நீர் புகும்போது அவை விலகுகின்றன. நீர் வெளியேறும்போது நெருங்குகின்றன. இவ்வசைவின் விசை சாதாரணமானதன்று. ஒற்றைத் தட்டு வீடொன்று நிலத்தை அழுத்தும் அழுத்தத்தை விடவும் களிமண்ணின் வீக்க அழுத்தம் பலமடங்கு அதிகமாக இருக்கக்கூடும். மாடிக் கட்டடம் தன் பாரத்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும்; ஏழையின் சிறு வீடோ தூக்கி எறியப்படும். மழைநீர் முதலில் வீட்டின் ஓரங்களை நனைப்பதால் நடுப்பகுதி ஒருவாறும் சுற்றுப்பகுதி வேறொருவாறும் அசைகின்றன. யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்பும், மாரியில் இறுகிக் கோடையில் இலகுவாகும் கதவும் இதன் அடையாளங்கள். சாந்து பூசி மறைத்தால் அடுத்த பருவத்தில் வெடிப்பு மீண்டும் தோன்றும்.

இம்மண்ணை இனங்காண்பதற்குப் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை. இந்தியத் தர நிர்ணயத்தில் இடம்பெற்ற 'தடையற்ற வீக்கச் சோதனை' அதற்கு நல்ல உதாரணம். உலர்த்தி அரித்த மண்ணில் பத்துப் பத்துக் கிராம் எடுத்து, நூறு மில்லி லீற்றர் கொள்ளும் இரண்டு கண்ணாடிச் சாடிகளில் இடுவார்கள். ஒன்றில் வடிநீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது. 24 மணி நேரத்தின் பின் இரண்டினதும் கனவளவை ஒப்பிட்டால் வீக்கம் சதவீதத்தில் கிடைத்துவிடும். 50க்குக் குறைவெனில் கவலை குறைவு; 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை; 200ஐத் தாண்டினால் மிகக் கடுமையான மண். மண் எந்த ஈரத்தில் குழைகிறது, எந்த ஈரத்தில் கூழாகிறது என்பதை அளக்கும் முறையைச் சுவீடன் விஞ்ஞானி அற்றர்பேர்க் 1911இல் வகுத்துத் தந்தார். அதுவும் இதனுடன் சேர்த்துச் செய்யப்படும். பெரிய கட்டடமெனில், வீக்க அழுத்தத்தையே நேரடியாக அளக்கும் ஆய்வுகூடச் சோதனையும் வேண்டும்.

பரிகாரமும் நம் அயலிலேயே பிறந்தது. இந்தியாவின் ரூர்க்கி நகரில் 1947இல் தொடங்கிய மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தில், தினேஷ் மோகன் முதலானோர் 1950களில் குமிழ்த் தூண் அத்திவாரத்தை வளர்த்தெடுத்தனர். பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் மேல்மண்ணைக் கடந்து, சுமார் மூன்றரை மீற்றர் ஆழத்துக்குக் கைத்துளைப்பானால் குழி துளைத்து, அடியில் தண்டின் இரண்டரை மடங்கு விட்டத்தில் குமிழ் போல் அகழ்ந்து கொங்கிறீற் நிரப்புவார்கள். மேல்மண் வீங்கித் தூணை இழுத்தாலும் குமிழ் நங்கூரம் போலப் பிடித்துக்கொள்ளும். சுவரைத் தாங்கும் வளை நிலத்தைத் தொடாதவாறு 80 மில்லி மீற்றர் இடைவெளியும் விடப்படும். வீங்கும் மண்ணை அகற்றி வீங்காத மண்ணை இட்டு நிரப்பும் முறையை பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். கே. கட்டி ஆராய்ந்து வளர்த்தார்.

முருங்கனுக்குத் திரும்புவோம். 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு வேண்டிய களிமண், முருங்கனிலிருந்தே புகையிரதத்தில் சென்றது. வடபுலச் சுண்ணக்கல்லோடு சேர்ந்து சூளையில் வெந்த அம்மண், சீமெந்தாகி நாடெங்கும் வீடுகளை நிலைநிறுத்தியது. தன் சொந்த இடத்தில் வீட்டைப் பிளக்கும் மண் அயலூர்களில் வீட்டை இறுக்கிப் பிடித்ததை விதியின் விளையாட்டு என்றே சொல்லவேண்டும். 1990இல் போர் தொழிற்சாலையையும் முடக்கியது. மன்னார்ப் புகையிரதப் பாதையையும் முடக்கியது. தலைமன்னார் வரை ரயில் மீண்டும் ஓடியது 2015இல்தான்.

2009இல் போர் முடிந்த பின், இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் மன்னார் மாவட்டமும் அடங்கியது. வடக்குக் கிழக்கில் வீடொன்றுக்கு வழங்கப்பட்ட உதவி ஐந்தரை இலட்சம் ரூபாய். மிகுதியைப் பயனாளிகளே தேடினர்; கடன்பட்டவர் பலர். இத்தகைய குடும்பத்திற்கு வீட்டின் முதல் வெடிப்பு, பட்ட கடன் தீருமுன்னரே வந்து சேரும் இரண்டாவது கடன்.

ஆகவே நான் வலியுறுத்துவது ஒன்றுதான். வீட்டுத் திட்டம் வகுப்போர் எல்லா ஊருக்கும் ஒரே அத்திவாரப் படத்தை அனுப்பக்கூடாது. செம்பூரான் மேட்டுக்குப் பொருந்தும் படம் வேர்ட்டிசோல் வயல்வெளிக்குப் பொருந்தாது. கிராமத்துக்கு ஒரு சோதனைக் குழி, இரண்டு கண்ணாடிச் சாடி, ஒரு போத்தல் மண்ணெண்ணெய், ஒரு நாள் பொறுமை. ஒரு வீட்டின் ஒரு சுவரைத் திருத்தும் செலவில் ஊர் முழுவதன் மண்ணையும் அறிந்துகொள்ளலாம். அதற்கு முன், அந்நிலத்தை உழுபவரிடம் கோடையில் எங்கே அதிகம் வெடிக்கும் என்று கேட்பதற்குச் செலவே இல்லை.