யூ இல்லாத கியூ சொற்கள்

யூ இல்லாத கியூ சொற்கள் என்பவை கியூ என்னும் எழுத்தை அடுத்து யூ வராத ஆங்கிலச் சொற்கள் ஆகும். ஆங்கிலத்தில் இவ்விரு எழுத்துகளும் பெரும்பாலும் இணைந்தே வரும். அரசியைக் குறிக்கும் குவீன் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் சி, டபிள்யூ எழுத்துகளுடன் தொடங்கியது. 1066 நார்மானியப் படையெடுப்புக்குப் பின்னர், பிரெஞ்சு எழுத்து வழக்கைத் தழுவி அது மாறியது.

விதிவிலக்கான சொற்களுள் பல, பிறமொழி ஒலிகளை எழுத்துப்பெயர்த்ததால் வந்தவை. நிகாப், கனாத் (நிலத்தடி நீர்க்கால்வாய்) ஆகியன அரபு வழி வந்தவை. கோஃப் எபிரேய எழுத்தொன்றின் பெயர். தட்டச்சுப் பலகையின் எழுத்து வரிசையிலிருந்து பிறந்த குவெர்ட்டி மட்டும் தனிவகை.

ஸ்கிராபிள் விளையாட்டில் இச்சொற்களின் பயன் பெரிது. 100 வில்லைகளில் கியூ ஒன்றே. மதிப்பு 10 புள்ளிகள். யூ நான்கு உண்டு. கியூ கையில் எஞ்சியிருக்க எதிராளி ஆட்டத்தை முடித்துவிட்டால், 10 புள்ளிகள் குறைவதோடு எதிராளிக்கும் அவை சேரும். இதிலிருந்து காப்பது பெரும்பாலும் கியூ, ஐ என்னும் இரண்டே எழுத்துகளால் ஆன 'சீ' என்ற சொல்லாகும். சீன மரபில் உயிராற்றலைக் குறிக்கும் இச்சொல் வட அமெரிக்கப் போட்டிகளில் 2006 முதல் ஏற்கப்படுகிறது. எழுத்து மதிப்பை மும்மடங்காக்கும் கட்டத்தில் கியூவை வைத்து, கிடையாகவும் நெடுக்காகவும் இச்சொல்லை அமைத்தால் 62 புள்ளிகள் கிடைக்கும். ஈராக், கத்தார் ஆகியவை சிறப்புப் பெயர்கள் ஆதலால் செல்லா.