சினை மாடும் கனடாக் குளிரும்

கனடாவில் மாடு வளர்த்த கதையைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சதில் ஒண்ணு மட்டும் தெளிவாப் புரிஞ்சுது. கோடையில் இங்கே யார் வேணும்னாலும் மாடு வளர்க்கலாம். நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் அதுக்கு என்ன போடப் போறீங்க? வரலாறு முழுக்க இந்த ஒரே கேள்விதான். (மாட்டிறைச்சி சரியா தப்பான்னு அடிச்சுக்கிறதுக்கு வேற இடம் இருக்கு மக்களே, இங்க வேண்டாம் :-))

சாம்ப்ளேன் கியூபெக்கை நிறுவியது 1608-ல். மாடுகளுக்குக் குளிர்காலத் தீவனம் பக்கத்தில் போதவில்லை. ஆற்றோரமா கீழே காப் தூர்மாந்த் என்ற இடத்தில் இயற்கையான புல்வெளி இருந்தது. அங்கே அறுத்துப் படகில் ஏத்திக் கொண்டு வந்தாங்க. கடைசியில் 1626-ல் அங்கேயே ஒரு பண்ணை போட்டார் மனுஷன். புல்லை மாட்டுக்கிட்ட கொண்டு வர்றதைவிட மாட்டைப் புல்லுகிட்ட கொண்டு போறது சுலபம் இல்லையா! ரெண்டே வருஷம். 1628-ல் ஆங்கிலேயர் பக்கத்து கர்க் சகோதரர்களோட ஆட்கள் பண்ணையைக் கொளுத்தி மாடுகளையும் அழிச்சுட்டாங்க.

மேற்கே மேய்ச்சல் நிலங்களில் கதை வேற. வேலி கிடையாது, சேமிச்ச தீவனமும் பெரிசா கிடையாது. பனி விழுந்தாலும் சினூக் என்கிற வெப்பக்காற்று வந்து உருக்கிடும், கீழே புல் இருக்கும்னு நம்பிக்கை. 1886-87 குளிரில் மான்டானாவில் அந்த நம்பிக்கை செத்தது. மந்தை எப்படி இருக்குன்னு முதலாளி கேட்டதுக்கு, சார்லஸ் ரஸ்ஸல் எலும்பும் தோலுமா நிக்கிற ஒரு மாட்டை வரைஞ்சு அனுப்பினார். பக்கத்துல ஓநாய்கள் காத்திருக்கு. இருபது வருஷம் கழிச்சு 1906-07-ல் அல்பெர்ட்டாவிலும் சஸ்காச்சுவானிலும் அதே கூத்து. சினூக் கைவிட்டுடுச்சு. சில பண்ணைகளில் பாதிக்கு மேல் போச்சு. அதுக்கப்புறம்தான் மந்தையைக் குறைச்சு, வேலி போட்டு, புல்லறுத்து சேமிக்கிறது கட்டாயமாச்சு.

அதே 1907-ல்தான் நான் இருக்கிற சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் மெக்டொனால்ட் விவசாயக் கல்லூரி திறந்தது. பணம் போட்டவர் புகையிலை வியாபாரி வில்லியம் மெக்டொனால்ட்; அவருக்குப் புகைபிடிக்கிறதே பிடிக்காதாம்.

வேலி வந்ததும் காளையைத் தனியா நிறுத்த முடிஞ்சது. அங்கதான் கணக்கு ஆரம்பம். சினைக்காலம் சுமார் 283 நாள். ஜூன் 5-ல் காளையை விட்டா மார்ச் 15-லிருந்து கன்னு. ஆகஸ்ட் 1-ல் விட்டா மே 11. சீக்கிரம் பிறந்த கன்னு இலையுதிர் காலச் சந்தையில் எடை கூட நிக்கும், அதனால ரொம்பப் பேர் குளிரிலேயே ஈன வெச்சாங்க. ஆனா கடைசி மூணு மாசச் சினையும் கறவையும் சேமிச்ச தீவனத்திலேயே ஓடணும். நல்ல முடியோட உலர்ந்து இருக்கிற மாடு மைனஸ் 7 டிகிரி வரை சமாளிக்கும். நனைஞ்சுட்டா பிளஸ் 15-லேயே கூடுதல் தீனி கேட்கும். பனி உருகுற சேத்துல கன்னு விழுந்தா கழிச்சல் வேற. எடைக்கு வர்ற காசு மட்டும்தான் சந்தையில தெரியுது, தின்ன புல்லு தெரியறதில்லை. மே மாசத்துக்கு மாறினவங்க பக்கம்தான் என் ஓட்டு.

நம்ம காங்கேயம் பக்கத்தில் கோடைதான் இந்தக் குளிர்காலம். கொரங்காட்டில் கொழுக்கட்டைப்புல் காயும் முன்னே சோளத்தட்டுப் போர் தயாரா இருக்கணும். போர் எவ்வளவு உசரம்னு பார்த்தே எத்தனை மாடு நிக்கும்னு சொல்லிடுவாங்க.

குளிர்ல ராத்திரி முழுக்கக் கண்விழிச்சு ஈத்து பார்க்கிற கொடுமைக்கும் ஒரு வழி கிடைச்சது. 1970-களில் மானிடோபாவின் ஆர்போர்க் ஊர்க்காரர் கஸ் கோனெஃபால், தீவனத்தை மதியம் ஒரு தரம், ராத்திரி பத்து மணி வாக்கில் ஒரு தரம்னு மாத்திப் போட்டார். பெரும்பாலான மாடுங்க பகல்லயே ஈன ஆரம்பிச்சுதுங்க.