அம்மா இருந்த அறை



1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்ற ஏமி கார்மைக்கேல் அம்மையார், மங்கிய வெளிச்சத்தில் குழியில் விழுந்து கால் முறிந்தார். வயது 63. 1951 ஜனவரி 18-இல் கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை, டோனாவூரில் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே வாழ்ந்தார்.

வலி அவரை வாட்டியது. ஆனால், அவர் தனித்து விடப்படவில்லை. அவர் வளர்த்த பிள்ளைகள் அவ்வறைக்கு வந்துகொண்டேயிருந்தார்கள். அவரும் கடிதங்களும் நூல்களும் எழுதினார். கல்லறையில், பறவைகள் நீர் அருந்தும் தொட்டியில், “அம்மா” என்ற சொல் மட்டுமே.

தனிமையும் மனச்சோர்வும் மறதிநோய்க்கு வழிவகுக்கக்கூடிய 14 காரணிகளுள் அடங்கும் என்று 2024-இல் லான்செட் மருத்துவ ஆணையம் அறிவித்தது. ஆகவே, “வயதானால் அப்படித்தான்” என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நம் வன்னியம்பட்டியிலும் பிள்ளைகள் வெளியூருக்குப் பிழைக்கப் போக, வாசலையே பார்த்திருக்கும் முதியோர் உண்டு. அவர்களுக்குத் திருவிருந்தைக் கொடுத்துவிட்டு, பேச்சைக் கேளாமல் அவசரமாய்த் திரும்பியதுண்டு நான். அது என் குறை.

இவ்வாரம் ஒரு வீட்டுப் படியேறுங்கள். சொன்ன கதையையே மறுபடியும் சொன்னாலும், அமர்ந்து கேளுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.