கடலும் கண்மாயும் பெருகும் காலம்

இலவணபுரம் என்று புராணம் கூறும் உப்பூர் க்ஷேத்திரத்தில், விமானமோ கூரையோ வேண்டாது, ஆதவனின் கிரணங்களைத் தம் திருமேனியில் ஏற்று எழுந்தருளியிருக்கிறார் வெயிலுகந்த விநாயகப் பெருமான். அவரைத் தரிசித்த அன்பர்கள் தெற்கே தேவிபட்டினம் சென்று, கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைத் தொழுவது மரபு. இராமபிரான் சென்ற வழியும் அதுவே என்பது ஐதிகம்.

அங்கே ஒன்றை அன்பர்கள் கவனித்திருக்கலாம். ஒரு சமயம் ஒன்பது கற்களும் நன்கு புலப்படும். பிறிதொரு சமயம் அவற்றுள் சில நீரில் மறைந்திருக்கும். கற்களைப் பிரதிஷ்டை செய்யுங்கால் அலையை அடக்கித் தந்தமையால் அவ்வூர்ப் பெருமாளுக்குக் கடலடைத்த பெருமாள் என்பது திருநாமம். ஆகவே, இக்கரையில் நீர் ஏறுவதும் இறங்குவதும் முன்னோர் நன்கறிந்த செய்தியே.

பாக் விரிகுடா ஆழமற்றது. பெரும்பாலும் 15 மீட்டருக்குட்பட்டது. நாள்தோறும் வரும் ஓதத்தின் ஏற்றமும் இங்கே ஒரு மீட்டருக்குக் குறைவே. ஆயினும் பருவத்தோடு கடலின் மட்டமே மாறுகிறது. ஐப்பசி கார்த்திகையில் அது உயர்ந்து நிற்கும்; மாசி பங்குனியில் தாழ்ந்துவிடும். வாடைக்காற்றும் நீரைக் கரையை நோக்கித் தள்ளும்.

இராமநாதபுரம் ஜில்லாவில் மழை பொழிவதும் அதே வாடைப் பருவத்தில்தான். வைகை இங்கே நேரே கடலில் கலவாமல் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் புகுகிறது. உப்பூருக்கு மேற்கே, 48 மடைகள் கொண்டதெனப் புகழ்பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாய் இருக்கிறது. கண்மாய்கள் நிரம்பிக் கலுங்கு வழியும் நாளில், மிகைநீர் கிழக்கே கடலை நாடும். கடலோ உயர்ந்து நிற்கும். தட்டையான பூமியாதலால் நீர் வடியத் தாமதிக்கும்; தாழ்ந்த வயலில் பயிர் அழுகும். மூன்று திங்கள் கழித்து அவ்வூரிலேயே குடிநீருக்குக் குடத்தோடு அலைவார்கள். இதனினும் விந்தை வேறென்ன!

இவ்வாடைப் பருவத்தின் உக்கிரத்தை 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு கண்டோம். புயலோடு எழுந்த கடல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயிலையும் விழுங்கியது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலோ இலங்கைத் தீவு அரணாய் நின்றமையால் இக்கரை பெரும்பாலும் பிழைத்தது.

புயலைத் தடுப்பது நம் கையில் இல்லை. கலுங்கு முதல் கடல் வரை உள்ள ஓடையைத் தூர்க்காமல் காப்பது நம் கையில் உள்ளது. கோயிலுக்கு நிவந்தம் அளித்த பண்டைய அரசர் ஏரிக்கும் அளித்தனர். குடிமராமத்து என்னும் பழைய முறையை அரசாங்கமும் 2017இல் மீண்டும் தொடங்கிற்று. திருப்பணிக்கு வாரி வழங்கும் நம் அன்பர்களிற் சிலர் ஓடைக் கரையை வளைத்து வேலி இடுவதைக் கூறாதிருக்க மனம் ஒப்பவில்லை, பெருமான் பொறுப்பாராக.

பங்குனியில் கடல் தாழ்ந்து, நவபாஷாணம் நன்கு வெளிப்படும். அந்நாளிலேயே கண்மாயும் ஓடையும் வறண்டு மண்வெட்டிக்கு இடம் தருகின்றன.