1953: இரண்டு வழிகாட்டல்கள்

பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டல், மனநல ஆலோசனை என்று திட்டங்கள் பெருகியிருக்கின்றன. அவற்றை மதிப்பிடும்போது எத்தனை முகாம்கள் நடந்தன, எத்தனை மாணவர்கள் பங்கேற்றார்கள் என்றே முதலில் எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கு நமக்குப் போதுமா?

1953ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்ப்போம். ஏ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு அந்த ஆண்டில்தான் இந்திய அரசிடம் அறிக்கை அளித்தது. மாணவர் தம் திறனுக்கும் விருப்பத்துக்கும் ஏற்ற படிப்பையும் தொழிலையும் தேர்ந்தெடுக்க உதவும் பயிற்சி பெற்ற வழிகாட்டல் அலுவலர்கள் பள்ளிகளுக்குப் படிப்படியாகக் கிடைக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

அதே 1953இல் சென்னை மாநில முதலமைச்சர் ராஜாஜியின் தொடக்கக் கல்வித் திட்டம் கிராமப்புறக் குழந்தைகளுக்கு வேறொரு வழியைக் காட்டியது. ஒரு வேளை பள்ளிக்கூடம். மறுவேளை பெற்றோரின் தொழில். பறையடிப்பவர் பிள்ளைக்கும் மலம் அள்ளுபவர் பிள்ளைக்கும் அது எந்தத் தொழில் என்று சொல்லத் தேவையில்லை. பெரியார் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்துப் போராடினார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே கட்டடம், அதே ஆசிரியர்கள், கூடுதல் பிள்ளைகள் என்பதுதான் அத்திட்டத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம். தலைகளை மட்டும் எண்ணியிருந்தால் குலக்கல்வியும் தேர்ச்சி பெற்றிருக்கும். எந்தப் பிள்ளையை எங்கே அனுப்புகிறது என்று கேட்டபோதுதான் அதன் முகம் தெரிந்தது. பிறப்பை வைத்துத் தொழிலை ஒதுக்குவது சாதியின் வேலை என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டுக் காட்டியிருந்தார்.

இன்றைய திட்டங்களிடமும் இதே கேள்வியைக் கேட்போம். 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' போன்ற ஒரு திட்டத்தை மதிப்பிட, பிளஸ் டூ முடித்த பட்டியலின, பழங்குடி மாணவர்கள் எந்தப் படிப்புகளில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள் என்பதைச் சாதிவாரியாக, பாலினவாரியாகப் பார்க்க வேண்டும். கல்வி உதவித்தொகையும் முதல் பட்டதாரிச் சலுகையும் உரிய நேரத்தில் அவர்களுக்குச் சொல்லப்பட்டனவா என்றும் பார்க்க வேண்டும்.

மனநல ஆலோசனைக்கு அளவுகோல் இன்னும் கடுமையானது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் சாதித் தொல்லையால் பள்ளிக்குப் போகாமலிருந்த தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் பள்ளி நல அலுவலர்களை நியமிக்கச் சொன்னது.

அப்படி ஒருவர் வந்தால் அவர் வேலையை எப்படி அளப்பது? புகார்கள் குறைந்தால் வெற்றி என்று எழுதிவிட முடியாது. பயத்தாலும் புகார் குறையும். ஒரு பிள்ளை தொடர்ந்து பள்ளிக்கு வராதபோது யார் விசாரித்தார்கள்? அவள் சொன்னது ரகசியமாகக் காக்கப்பட்டதா? அவமதித்தவர்மீது நடவடிக்கை வந்ததா, அல்லது அவளுக்குத் 'தாழ்வு மனப்பான்மை' என்று எழுதி அனுப்பினார்களா? சாதியை நோயாளியின் குறையாக மாற்றும் ஆலோசனை நமக்கு வேண்டாம்.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.